ஃபோர்க்குக்குள் உருகிய ரப்பர்

சில மாதங்களுக்கு முன்னால் சான் ஹோசேயில் ஒரு கராஜ் சேலில் பழைய மவுண்டன் பைக் ஒன்று வாங்கினேன். 26 அங்குலச் சக்கரம், ஸ்டீல் ஃபிரேம், முன்னால் சிவப்பு நிறத்தில் ஒரு சஸ்பென்ஷன் ஃபோர்க். விற்றவருக்கு எழுபது வயது இருக்கும். 1993-ல் வாங்கியது, எதையுமே மாற்றவில்லை, எல்லாம் ஒரிஜினல் என்றார். பணத்தை வாங்கிக்கொண்ட பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார். ஓட்டப் போகிறாயா, சுவரில் மாட்டப் போகிறாயா? ஓட்டத்தான் என்று சொல்லிவிட்டேன்.

சொல்வது சுலபம். வீட்டுக்கு வந்து ஹேண்டில்பாரைப் பிடித்து அழுத்திப் பார்த்தேன். ஃபோர்க் இரண்டு சென்டிமீட்டர் இறங்கியது, உள்ளே 'சப்' என்று ஒரு சத்தம். கையை எடுத்தேன். ஏறவில்லை. அப்படியே நின்றது. பிடித்து மேலே இழுத்தால் கோந்து டப்பாவின் மூடியைத் திறக்கிற மாதிரி மெதுவாக வந்தது.

அலுவலக நண்பர் ஒருவர் வந்து பார்த்தார். கோயம்புத்தூர்க்காரர், சைக்கிள் பைத்தியம். "என்ன பாஸ், இதுக்குப் போய் மண்டைய உடைச்சிக்கிறீங்க? புதுசா ஒரு ஃபோர்க் வாங்கி மாட்டிட்டுப் போங்க" என்றார். நியாயமான யோசனைதான். ஆனால் தேடிப் பார்த்தபோதுதான் சிக்கல் புரிந்தது. இன்று நல்ல தரத்தில் கிடைக்கும் ஃபோர்க்குகள் பெரும்பாலும் 29 அல்லது 27.5 அங்குலச் சக்கரத்துக்கானவை. ஸ்டீயரர் குழாய் கீழே பருத்திருக்கும், என் ஃபிரேமின் தலைக்குழாயில் நுழையாது. ரிம் பிரேக் மாட்ட இடமே இருக்காது. மிச்சமிருப்பது 26 அங்குலத்துக்கான 100 மி.மீ. பயண ஃபோர்க்குகள். என் ஃபோர்க்கின் பயணம் 63 மி.மீ.

37 மி.மீ.யில் என்ன வந்துவிடப் போகிறது? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இரண்டு சக்கர மையங்களுக்கும் இடையே ஏறக்குறைய 1050 மி.மீ. முன்பக்கம் 37 மி.மீ. உயர்ந்தால் முழு ஃபிரேமும் சுமார் 2 டிகிரி பின்னால் சாயும். ஹேண்டில் தளர்வாகத் திரும்பும், ஏற்றத்தில் முன்சக்கரம் அலையும். அதைவிட முக்கியம், நீளமான ஃபோர்க் நெம்புகோல் மாதிரி வேலை செய்து, அந்தச் சுமைக்காக வடிவமைக்கப்படாத தலைக்குழாய் வெல்டிங்கைப் பிடித்து இழுக்கும். ஆக, இந்த ஃபோர்க்கைத் தூக்கிப் போட்டால் சைக்கிளையே தூக்கிப் போட்ட மாதிரிதான். இது என்ன ஃபோர்க் என்று சரியாகத் தெரிந்தால்தான் அடுத்த அடி வைக்க முடியும். எந்த ஆண்டு, உள்ளே காற்றா ரப்பரா ஸ்பிரிங்கா, எண்ணெய் எங்கே இருக்கிறது, எதைக் கழற்றலாம், எதைத் தொடக் கூடாது, எல்லாமே அதைப் பொறுத்தது.

முதலில் கொஞ்சம் உடற்கூறு

உங்கள் மோட்டார் பைக்கின் முன்பக்கத்தில் இருக்கும் அதே டெலஸ்கோபிக் அமைப்புதான். இரண்டு மேல்குழாய்கள், அவை வழுக்கி இறங்கும் இரண்டு கீழ்க்கால்கள். மேல்குழாய்களைச் சேர்த்துப் பிடிப்பது கிரவுன். கிரவுனிலிருந்து ஃபிரேமுக்குள் ஏறும் தண்டு ஸ்டீயரர். கீழ்க்கால்கள் இரண்டும் தனித்தனியாக முறுக்கிக்கொள்ளாமல் டயருக்கு மேலே ஒரு வளைவு இணைக்கும்.

உள்ளே இரண்டு வேலைகள் நடக்க வேண்டும். ஒன்று, ஸ்பிரிங். பள்ளத்தில் விழுந்த அடியை வாங்கிச் சேமித்துத் திருப்பித் தரும். இரண்டு, டேம்பர். அந்த அடியின் ஒரு பகுதியைச் சூடாக மாற்றித் தொலைத்துவிடும். பொதுவாகச் சின்ன ஓட்டை வழியாக எண்ணெயைப் பிதுக்கி இதைச் செய்வார்கள். டேம்பர் இல்லாத ஸ்பிரிங், கட்டில் மெத்தையில் குதிக்கிற குழந்தை மாதிரி. அது பாட்டுக்குத் துள்ளிக்கொண்டே இருக்கும்.

மோட்டார் சைக்கிளில் இது பழைய சங்கதி. எண்ணெய் டேம்பருடன் கூடிய டெலஸ்கோபிக் ஃபோர்க்கை 1935-லேயே பி.எம்.டபிள்யூ. தன் ஆர்12, ஆர்17 வண்டிகளில் போட்டுவிட்டது. அப்படியென்றால் மவுண்டன் பைக்குக்கு வர ஏன் இன்னும் ஐம்பது வருடத்துக்கு மேல் ஆயிற்று? மோட்டார் சைக்கிளில் எஞ்சின் சுமக்கிறது, சைக்கிளில் நம் தொடை சுமக்கிறது. அதுதான் காரணம். கூடுதலாக அரை கிலோ என்றால்கூட யோசிப்பார்கள்.

கிரீஸ் புகைந்த மலை

மவுண்டன் பைக்கின் கதை தொடங்குவது சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு வடக்கே மரின் கவுன்டியில். எழுபதுகளில் அங்கே சில இளைஞர்கள் 1930, 40-களின் தடித்த டயர் ஷ்வின் சைக்கிள்களைக் குப்பையிலிருந்து பொறுக்கி மலை மண்பாதைகளில் இறக்கினார்கள். 1976 அக்டோபர் 21-ல் ஃபேர்ஃபாக்ஸ் ஊருக்குப் பக்கத்தில் முறையாக நேரம் குறித்து ஒரு பந்தயம் நடத்தினார்கள். 3 கி.மீ.க்குச் சற்று அதிகமான தூரம், சுமார் 400 மீட்டர் இறக்கம். அந்தப் பழைய சைக்கிள்களில் பெடலைப் பின்னால் மிதித்தால் பிடிக்கும் கோஸ்டர் பிரேக்தான். கீழே வந்து சேர்வதற்குள் ஹப் கொதித்து உள்ளே இருந்த கிரீஸ் புகையாகிப் போய்விடும். ஒவ்வொரு தடவையும் பிரித்துப் புதிதாகக் கிரீஸ் அடைக்க வேண்டும். கிரீஸை மறுபடி அடைப்பதுதான் 'ரீபேக்'. அந்தப் பாதைக்கே அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. ஒரு விளையாட்டின் முதல் புகழ்பெற்ற பந்தயத்துக்கே ஓவராயில் வேலையின் பெயர்!

அடுத்த வருடமே, 1977-ல், ஜோ பிரீஸ் இதற்கென்றே தனியாக ஃபிரேம்கள் கட்டினார். 1979-ல் கேரி ஃபிஷரும் சார்லி கெல்லியும், டாம் ரிட்சி கட்டிய ஃபிரேம்களை வைத்து வியாபாரம் தொடங்கினார்கள். 1981-ல் ஸ்பெஷலைஸ்டு நிறுவனத்தின் ஸ்டம்ப்ஜம்பர் வந்து, மவுண்டன் பைக் கடையில் வாங்கக்கூடிய சரக்காயிற்று. இத்தனையும் சஸ்பென்ஷன் இல்லாமல். அடி எல்லாம் டயருக்கும் ஓட்டுபவரின் மணிக்கட்டுக்கும்தான்.

மூன்று கட்சிகள்

இனி என் ஃபோர்க்குக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்ட பகுதி. 1989-லிருந்து 1997 வரையிலான வருடங்களில் "ஸ்பிரிங் எதனால் செய்வது" என்ற ஒரே கேள்விக்கு மூன்று பதில்கள் வந்தன.

முதல் பதில், காற்று. பால் டர்னர் மோட்டோகிராஸ் உலகத்து ஆள், ஹோண்டா பந்தயக் குழுவில் மெக்கானிக்காக இருந்தவர். 1987-ல் கீத் பாண்ட்ரேகருடன் சேர்ந்து, இரண்டு பக்கமும் சஸ்பென்ஷன் வைத்த மவுண்டன் பைக்கை லாங் பீச் வணிகக் கண்காட்சியில் காட்டினார். 1989-ல், அதே மோட்டோகிராஸ் பின்னணி கொண்ட ஸ்டீவ் சைமன்ஸுடன் சேர்ந்து ராக்ஷாக்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். முதல் ஃபோர்க்கின் பெயர் ஆர்எஸ்-1. அழுத்தப்பட்ட காற்று ஸ்பிரிங், எண்ணெய் டேம்பர். பயணம் 5 சென்டிமீட்டர்கூட இல்லை. இதெல்லாம் எதற்கு என்று கேட்டவர்களுக்கு 1990-ல் பதில் கிடைத்தது. கொலராடோவின் டுராங்கோவில் நடந்த முதல் உலக மவுண்டன் பைக் சாம்பியன்ஷிப்பில், கிரெக் ஹெர்போல்டு ராக்ஷாக்ஸ் ஃபோர்க்குடன் இறக்கப் பந்தயத்தை வென்றார். தொடர்ந்து மேக் 20, 1993-ல் மேக் 21 என்று வந்தன. 'மேக்' என்பது கீழ்க்கால்களை வார்த்த மெக்னீசியத்தின் சுருக்கம்.

இரண்டாவது பதில், ரப்பர். துல்லியமாகச் சொன்னால் எலாஸ்டோமர் எனப்படும் பாலியூரித்தேன் துண்டுகள். கொலராடோவில் கையால் ஃபிரேம் கட்டிக்கொண்டிருந்த டக் பிராட்பரி, மனிட்டூ என்ற பெயரில் இந்த வகை ஃபோர்க்கைச் செய்தார். பிறகு ஆன்சர் புராடக்ட்ஸ் நிறுவனம் அதைப் பெரிய அளவில் தயாரித்தது. இதன் அழகே எளிமைதான். எண்ணெய் இல்லை, காற்று இல்லை, எனவே ஒழுக எதுவும் இல்லை. மூடியைத் திறந்து நாலு துண்டுகளை எடுத்துவிட்டு வேறு நாலு போட்டால் மெதுவான ஃபோர்க் கடினமான ஃபோர்க் ஆகிவிடும். ரப்பரே நசுங்கி விரியும்போது கொஞ்சம் ஆற்றலை விழுங்கிக்கொள்வதால் தனி டேம்பர்கூட அவசியமில்லை என்று நினைத்தார்கள். குளிரில் ரப்பர் இறுகிக் கட்டை மாதிரி ஆகிவிடும் என்பது மட்டும் அப்போதே தெரிந்த குறை. ராக்ஷாக்ஸும் இந்த எளிமையை விடவில்லை, குவாட்ரா என்று ஒரு ரப்பர் ஃபோர்க் போட்டது.

மூன்றாவது பதில், சாதாரண கம்பிச்சுருள். 1949-ல் தொடங்கப்பட்ட இத்தாலிய நிறுவனமான மார்சோக்கி, 1997 மாடலாக பாம்பர் இசட்1 ஃபோர்க்கைக் கொண்டுவந்தது. 100 மி.மீ. பயணம். ஸ்டீல் ஸ்பிரிங்கும் தாராளமான எண்ணெயும் ஒரே குழாயில். அந்த எண்ணெயே டேம்பராகவும் மசகாகவும் வேலை செய்யும். கனம் அதிகம். ஆனால் மோட்டார் சைக்கிளில் பல வருடங்கள் சோதித்துப் பார்த்த வழி அது.

இந்த இரண்டாவது, மூன்றாவது பதில்களுக்கு நடுவே 1995-ல் வந்ததுதான் ராக்ஷாக்ஸ் ஜூடி. ஸ்பிரிங்குக்கு ரப்பர் துண்டு அடுக்கு, டேம்பருக்கு மூடிய எண்ணெய்க் குப்பி. அந்தக் குப்பியைக் கார்ட்ரிட்ஜ் என்பார்கள். காற்று ஃபோர்க்கின் ஒழுகலும் இல்லை, வெறும் ரப்பர் ஃபோர்க்கின் துள்ளலும் இல்லை என்பது உத்தேசம். என் சைக்கிளில் இருப்பது இதுதான் என்று சந்தேகப்பட்டேன். ஆனால் விற்றவர் 1993 என்றாரே?

ஸ்டிக்கரை நம்பாதீர்கள்

பழைய ஃபோர்க்கை அடையாளம் காண ஸ்டிக்கரைப் பார்ப்பதுதான் எல்லோரும் முதலில் செய்வது. கடைசியில் செய்ய வேண்டியதும் அதுதான். ஸ்டிக்கர் உரியும், நிறம் மங்கும், பிரதி ஸ்டிக்கர் ஆன்லைனில் கிடைக்கும். என்னுடையதில் பாதி எழுத்துதான் மிஞ்சியிருந்தது. அதனால் வெர்னியர் காலிபரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

முதலில் மேல்குழாயின் விட்டம். மேக் வரிசையில் இது ஒரு அங்குலம், அதாவது 25.4 மி.மீ. என்னுடையது 28. ஆக மேக் இல்லை. இன்றைய ஃபோர்க்குகளில் 32, 35 மி.மீ. சாதாரணம் என்பதால் புதியதும் இல்லை.

இரண்டாவது மேல்மூடி. காற்று ஃபோர்க்காக இருந்தால் காற்றடிக்க ஏதாவது வழி இருக்க வேண்டும். மேக் 21-ல் மூடியில் உள்ள சின்ன ஸ்குருவைக் கழற்றி, ஃபுட்பாலுக்குக் காற்றடிக்கும் ஊசி மாதிரி ஒன்றைச் சொருகி அடிப்பார்கள். என்னுடையதில் அப்படி எதுவும் இல்லை. விரலால் திருகும் குமிழ் மட்டும், அது ஸ்பிரிங்கை முன்கூட்டியே கொஞ்சம் அழுத்தி வைப்பதற்கு. ஆக உள்ளே திடமான ஸ்பிரிங்.

மூன்றாவது பிரேக் ஏற்பாடு. காலத்தைக் காட்டிக்கொடுக்கும் சாட்சி இதுதான். பழைய கேன்டிலீவர் பிரேக்கில் கேபிளின் வெளியுறை டயருக்கு மேலே ஓரிடத்தில் முடிய வேண்டும். சஸ்பென்ஷன் இல்லாத சைக்கிளில் அந்த முடிவு ஃபிரேம் பக்கம் இருக்கும். சஸ்பென்ஷன் வந்ததும் அது முடியாது. ஃபோர்க் இறங்கும் ஒவ்வொரு தடவையும் கேபிள் தளர்ந்து பிரேக் விட்டுவிடும். அதனால் சக்கரத்தோடு சேர்ந்து ஏறி இறங்கும் வளைவின் மேலேயே கேபிள் தாங்கி வைத்தார்கள். 1996-ல் ஷிமானோவின் வி-பிரேக் வந்தது. அதற்கு இந்தத் தாங்கி தேவையில்லை, கொஞ்ச காலத்தில் தாங்கி மறைந்தது. என் ஃபோர்க்கின் வளைவில் தாங்கி இருக்கிறது. வளைவும் கீழ்க்கால்களோடு ஒரே வார்ப்பாக இல்லாமல் தனியாகப் போல்ட் போட்டது. டிஸ்க் பிரேக் மாட்டும் காது இடது காலில் இல்லை.

நான்காவது, ஸ்டீயரர் 1⅛ அங்குலம், மரை இல்லாதது. அந்தக் காலத்தில் 1, 1⅛, 1¼ என்று மூன்று அளவுகள் புழங்கின. பழைய ஃபோர்க் வாங்குகிறவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் இங்கேதான், அதனால் இதை அளக்காமல் வாங்காதீர்கள்.

எல்லாவற்றையும் சேர்த்து, ஆர்வலர்கள் ஸ்கேன் செய்து வைத்திருக்கும் பழைய கேட்டலாக்குகளோடு ஒப்பிட்டேன். ஜூடி எக்ஸ்சி. 1995-க்கு முன்னால் இருக்க வாய்ப்பே இல்லை, 1997-க்குப் பிந்தியதாகவும் தெரியவில்லை. விற்றவர் பொய் சொல்லியிருப்பார் என்று நான் நினைக்கவில்லை. ஃபிரேம் 1993 ஆக இருக்கலாம். நடுவில் எப்போதோ ஆசைப்பட்டு ஃபோர்க்கை மாற்றியிருக்கிறார். முப்பது வருடத்தில் அந்த இரண்டு நாளும் மனதில் ஒரே நாளாகிவிட்டது. வாய்மொழி வரலாற்றில் இது அடிக்கடி நடப்பதுதான். சாட்சி நேர்மையானவராக இருப்பார், ஆண்டு மட்டும் தவறும்.

இன்னொரு விஷயம். 2000-ல் கொலராடோ ஸ்பிரிங்ஸுக்குப் போகும்வரை ராக்ஷாக்ஸ் இருந்தது இதே சான் ஹோசேயில்தான். 2002-ல் ஸ்ராம் நிறுவனம் அதை வாங்கியது. சிலிக்கான் சிப்பும் சாஃப்ட்வேரும் மட்டுமே செய்யும் ஊர் என்று நான் நினைத்திருந்த ஊரில் சைக்கிள் ஃபோர்க்கும் செய்திருக்கிறார்கள்.

பிரித்தபோது

மேல்மூடியைத் திருகினேன். ரப்பர் அடுக்கு ஒரு பிளாஸ்டிக் தண்டில் கோத்து அப்படியே வெளியே வர வேண்டும். தண்டு மட்டும் வந்தது. அதில் ஒட்டிக்கொண்டு பழுப்பு நிறத்தில் ஒரு பிசின். பலாப்பழம் அறுத்தவர்களுக்குத் தெரியும், அதே பிசின்தான், எண்ணெய் தடவினால்கூடப் போகாத ரகம். நல்லவேளை கையுறை போட்டிருந்தேன்.

பரணில் பத்து வருடம் கிடந்த ஷூவைப் போட்டுக்கொண்டு நடந்து, அடிப்பாகம் துண்டு துண்டாக உதிர்ந்த அனுபவம் உங்களில் பலருக்கு இருக்கும். இங்கே நடந்ததும் அதுவேதான். ஷூவின் மெத்தைப் பகுதியும் பெரும்பாலும் பாலியூரித்தேன். அதன் நீண்ட மூலக்கூறுச் சங்கிலியைக் காற்றில் உள்ள ஈரம் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டிக்கொண்டே இருக்கிறது. பள்ளிக்கூட வேதியியலில் நீராற்பகுப்பு என்று படித்தோமே, அது. சங்கிலி துண்டானதும் ரப்பர் தன்மை போய், பொடியாகவோ பிசினாகவோ ஆகிவிடுகிறது. சைக்கிளை ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் இது நடக்கும். அருங்காட்சியகங்களில் பாலியூரித்தேன் பொருட்களைப் பாதுகாப்பவர்களுக்கும் இதே தலைவலிதான்.

இதை எழுதும்போது சுலபமாகத் தெரிகிறது. ஆனால் அன்றைக்கு எனக்கு இது தெரியாது. இணையத்தில் "பிரிக்காத புதுப் பாக்கெட்" என்று அந்தக் காலத்து ரப்பர் செட் ஒன்றைப் பார்த்துக் கொஞ்சம் அதிக விலை கொடுத்தே வாங்கினேன். பாக்கெட் உண்மையிலேயே பிரிக்காததுதான். நகத்தால் அழுத்தினேன், பதிந்த குழி அப்படியே நின்றது. விற்றவர் ஏமாற்றவில்லை. ஒரிஜினலாக இருப்பதே இங்கே குறை என்பது எனக்குத்தான் உறைக்கவில்லை. அந்த வயதான மனிதர் ஃபோர்க்கை அலமாரியில் பூட்டி வைத்திருந்தாலும் இதே கதிதான்.

கீழ்க்கால்களின் அடியிலிருக்கும் ஆலன் போல்ட்டைச் சில சுற்று தளர்த்தி, ரப்பர் சுத்தியலால் மெல்லத் தட்டி, கீழ்க்கால்களை உருவி எடுத்தேன். பிசினை மரக்குச்சியால் சுரண்டி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துணி நனைத்துத் துடைக்கவே ஒரு ஞாயிறு போயிற்று. பெட்ரோல் ஊற்றிக் கழுவலாமே என்று தோன்றும். வேண்டாம், மிச்சமிருக்கும் நல்ல சீல்களும் ஊதிப் போய்விடும்.

அடுத்து கார்ட்ரிட்ஜ். அதன் தண்டைக் கையால் அழுத்தினால் தேனில் கரண்டியை அழுத்துகிற மாதிரி எதிர்க்க வேண்டும். என்னுடையது காலி சிரிஞ்சு மாதிரி போய் வந்தது. எண்ணெய் எப்போதோ ஒழுகிப் போயிருக்கிறது. ஜூடியின் இந்தப் பகுதி அந்தக் காலத்திலேயே பெயர் கெட்டதுதான். ஆக, ஸ்பிரிங் சாவதற்கு முன்பே டேம்பர் செத்துவிட்டது. கடைசிச் சில வருடங்கள் அவர் ஓட்டியது வெறும் ரப்பர் துள்ளலில்தான்.

உயிர் கொடுத்த விதம்

வேலையைத் தொடங்கும் முன் ஒரு பரிசோதனை பாக்கி. மற்ற எல்லாம் வசதி, இது உயிர். முன் ஃபோர்க் உடைந்தால் நேராக முகம்தான் தரையில் போய் மோதும். மெக்னீசியம் லேசானது, ஆனால் பெயின்ட் உரிந்த இடத்தில் சீக்கிரம் அரிக்கும், வெள்ளைப் பொடி மாதிரி தெரியும். அச்சு உட்காரும் இடம், வளைவு போல்ட் இறங்கும் இடம், பிரேக் ஏறும் இடம், மூன்றையும் பூதக்கண்ணாடியும் டார்ச்சும் வைத்துப் பார்த்தேன். கிரவுனில் ஸ்டீயரர் இறுகியிருக்கிறதா, மேல்குழாய்கள் அசைகின்றனவா என்று பிடித்து முறுக்கிப் பார்த்தேன். இதில் எங்கேயாவது ஒரு மயிரிழை விரிசல் தெரிந்திருந்தால், அவரிடம் சொன்ன வார்த்தையை மீறி சுவரில் மாட்டியிருப்பேன். என்னுடையதில் ஒரு போல்ட் ஓரம் லேசான அரிப்பு மட்டும். சுரண்டிச் சுத்தம் செய்து பெயின்ட் தொட்டேன்.

கார்ட்ரிட்ஜின் தேய்ந்த ஓ-ரிங்குகளை அளவெடுத்து மாற்றி, எண்ணெய் ஊற்றி, குமிழி வருவது நிற்கும்வரை தண்டை மேலும் கீழும் ஆட்டி மூடினேன். எண்ணெய் வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. டப்பாவில் 5, 10 என்று போட்டிருக்கும் எண் எல்லா நிறுவனத்துக்கும் பொதுவான அளவு கிடையாது. ஒருவரின் 5-ம் இன்னொருவரின் 5-ம் வேறு வேறு தடிமனில் இருக்கும். 40 டிகிரி வெப்பத்தில் எத்தனை சென்டிஸ்டோக்ஸ் என்ற விவரத்தைத் தேடி ஒப்பிடுவதுதான் சரியான வழி.

ஸ்பிரிங்குக்கு ரப்பரை விட்டு ஸ்டீலுக்குப் போனேன். என் எடையும் சைக்கிள் எடையும் சேர்த்து 87 கிலோ. அதில் 40 சதவீதம் முன்சக்கரத்தில் என்று வைத்தால் 35 கிலோ. சும்மா உட்கார்ந்தாலே 63 மி.மீ. பயணத்தில் 14 மி.மீ. இறங்க வேண்டும் என்று எடுத்துக்கொண்டேன். 35-ஐ 14-ஆல் வகுத்தால் மில்லிமீட்டருக்கு 2.5 கிலோ, ஒரு காலுக்கு 1.25. குழாயின் உள்விட்டத்தில் உரசாமல் போக வேண்டும், முழுசாக நசுங்கிச் சுருளோடு சுருள் ஒட்டும் முன் 63 மி.மீ.யைத் தாண்டி இறங்க இடம் வேண்டும். இந்த மூன்று நிபந்தனைக்கும் ஒத்துவரும் சுருள் தொழிற்சாலைச் சாமான் விற்கும் கடையில் கிடைத்தது. ஒரு வித்தியாசம் உண்டு. ரப்பர் நசுங்க நசுங்க இறுகும், சுருள் கடைசிவரை ஒரே மாதிரிதான் இருக்கும். அதனால் அடியில் மோதாமல் இருக்க, இப்போது புதிதாக வார்த்த ஒரு சின்ன ரப்பர் துண்டை மட்டும் வைத்தேன். அதுவும் ஒரு நாள் பிசினாகும். ஆனால் அதை நம்பி ஃபோர்க் நிற்கவில்லை.

வழுக்கும் புஷ்களுக்குக் கிரீஸ் தடவி, போல்ட்டுகளை டார்க் ரெஞ்சால் அளவாக இறுக்கி மூடினேன். மெல்லிய உலோக மரை, பலம் காட்டினால் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். ஹேண்டில்பாரை அழுத்தினேன். இறங்கியது, நிதானமாக ஏறியது, நின்றது.

மூன்று கட்சிகளில் யார் ஜெயித்தார்கள்? கடையில் ஒரு காலத்தில் ரப்பர் நன்றாகவே விற்றது. இன்றைய நல்ல ஃபோர்க்குகளில் காற்றும் கம்பிச்சுருளும்தான் இருக்கின்றன. முப்பது வருடம் கழித்துப் பிரிப்பவனுக்கு விடை இன்னும் எளிது. காற்று ஃபோர்க்கில் சீல் போகும், மாற்றிவிடலாம். எண்ணெய் ஒழுகும், ஊற்றிவிடலாம். ஸ்டீல் சுருள் பெரும்பாலும் அப்படியே இருக்கும். ஒழுக எதுவும் இல்லை என்று பெருமையாகச் சொன்ன ரப்பர்தான், ஒருவரும் தொடாதபோதும் தானாகச் செத்துப்போனது. ஒழுகும் பொருள் நம்மைச் சர்வீஸ் செய்ய வைக்கும். சர்வீஸே வேண்டாம் என்ற பொருளை நாம் திறந்துகூடப் பார்ப்பதில்லை.

இப்போது வாரம் ஒரு தடவை ஓட்டுகிறேன். ஏரிக்கரை மண்பாதை, மலையடிவார ஜீப் தடம், அவ்வளவுதான். கல் நிறைந்த இறக்கங்களுக்கு இதை எடுத்துப் போவதில்லை. ஒவ்வொரு முறை கிளம்பும் முன்பும் அச்சு உட்காரும் இடத்தையும் அந்த அரித்த போல்ட் ஓரத்தையும் டார்ச் அடித்துப் பார்க்கிறேன். கார்ட்ரிட்ஜில் இதுவரை ஒழுகல் இல்லை.

போன வாரம் அதே தெரு வழியாகத்தான் போனேன். அந்தப் பெரியவர் வாசலில் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். நிறுத்தி, ஃபோர்க்கை அழுத்திக் காட்டினேன். அவரும் ஒரு தடவை அழுத்திப் பார்த்தார். ஃபோர்க் 1995-க்கு அப்புறம் வந்தது, நடுவில் நீங்கள்தான் மாற்றியிருக்கிறீர்கள் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, ஆமாம், பழையது வளைந்துபோயிற்று, எப்படி மறந்தேன் என்றார்.